சாரல் மாதத்து ஜன்னல் கம்பி

எங்கள் வீட்டில் கரண்ட் எனக்கு மட்டும்தான் அடிக்கும். அதுவும் சாரல் மாதங்களில் மட்டும்தான். சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்தே அந்த வீட்டில் இரண்டு சாரலைக் கழித்தேன்.

வீடு மேலகரத்தில். என் வீட்டுக்காரர் தென்காசியில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். நான் கல்யாணமாகி அங்கே போனபோது ஐம்பதுகளின் கடைசி. தெருவில் கம்பம் நட்டிருந்தார்கள், வீட்டுக்குள் இன்னும் மண்ணெண்ணெய் விளக்குதான். மாமனாருக்கு ஒரு ரேடியோ வாங்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கேட்க வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆள் வைத்து வயரிங் செய்ய மனசு வரவில்லை. மகனுக்கோ கை சும்மா இருக்காது. கடையில் வயரை ஓட்டி அடிக்க நல்ல தேக்கு ரீப்பர் பட்டை கிடைத்தது, பஜாரில் தமிழில் ஒரு வயரிங் புத்தகம் கிடைத்தது. "நாமளே செஞ்சிருவோம், இது என்ன பெரிய வித்தையா?" என்று இறங்கிவிட்டார்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பார். பிறகு ஏணியில் ஏறுவார். ஏணியைப் பிடிப்பது நான், ஆணி எடுத்துக் கொடுப்பது நான். அவர் படித்தது அவர் மண்டையில் எவ்வளவு நின்றதோ தெரியாது, என் மண்டையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வயர் சுவரைத் தாண்டும் இடத்தில் ஓட்டை போட்டு அதற்குள் பீங்கான் குழாய் வைத்து, அதன் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். சுவிட்சைக் கரண்ட் வருகிற வயரில்தான் போட வேண்டும், திரும்பிப் போகிற வயரில் போடக்கூடாது. எர்த்துக்குக் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டுப் புதைக்க வேண்டும். இந்த மூன்றையும் அவர் வாயாலேயே படித்தார். இந்த மூன்றையும் அவர் செய்யவில்லை.

சுவரில் ஓட்டை போட மாமனார் விடவில்லை. அவர் நின்று கட்டிய சுவராம். "கட்டுன சொவத்துல பொந்து போடுததுக்கா ஒன்ன பெத்தேன்?" என்றார். அதனால் கொல்லைப்புறக் குளியலறைக்குப் போகிற வயர், அடுப்படி ஜன்னல் வழியாக, சட்டத்தை ஒட்டி, கம்பியில் உரசிக்கொண்டு இடுக்கில் நுழைந்து வெளியே போயிற்று. எர்த் குழிக்குக் கிணற்றங்கரைதான் தோதான ஈரமண். அங்கே உப்பைக் கொட்டினால் தண்ணீர் உவர்த்துவிடும் என்று மாமியார் அழாத குறையாக நின்றாள். குழியும் தோண்டவில்லை. சுவிட்ச் விஷயம் இவரே செய்தது. இரண்டு வயரும் ஒரே கறுப்பு நிறத்தில் இருந்ததால் எது எதென்று குழம்பிவிட்டார். நான் கேட்டதற்கு, "எதுல போட்டா என்னளா, வெளக்கு அணையுதுல்லா?" என்றார். அணைந்தது, அது உண்மைதான்.

லைசென்ஸ் உள்ள ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். இவருடைய சிநேகிதர் ஒருவர் அப்படி இருந்தார். வீட்டுப் பக்கமே வராமல் காப்பிக் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். பங்குனி வெயிலில் கரண்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்து, சோதித்து, மீட்டர் வைத்துவிட்டுப் போனார். அந்த வெயிலில் ஈரத் துணி ஒரு நிமிஷத்தில் முறுகிவிடும், வீட்டில் எங்கே ஈரம் இருந்தது, குறை கண்டுபிடிக்க? அன்று சாயங்காலம் தெருவே வந்து எங்கள் பல்பைப் பார்த்தது. இவர் போட்டும் அணைத்தும் காட்டிக்கொண்டே இருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆனி பிறந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றால் எங்கள் ஊரில் எல்லாமே நனைந்துதான் கிடக்கும். மழை என்று சொல்ல முடியாது, பொடிப்பொடியாகக் காற்றோடு வந்து ஜன்னல் வழியாக மாவு சலித்த மாதிரி உள்ளே இறங்கும். ஒரு நாள் பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் காலோடு வந்து, பிடிதுணியை அடுப்படி ஜன்னல் கம்பியில் போடக் கையை நீட்டினேன். விரலில் சுரீர் என்று ஏறி முழங்கை வரை வந்துவிட்டுப் போயிற்று.

இவரைக் கூப்பிட்டேன். கடையிலிருந்து வந்த ஆள், காய்ந்த வேட்டி, காலில் ரப்பர் செருப்பு. வந்து கம்பியைக் கையால் பிடித்தார், உலுக்கினார், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"எங்கனளா கரண்டு? குளிக்கிற ரூம்புல வெளக்கே எரியல. எரியாத வெளக்குக்குக் கரண்டு எங்கேருந்து வரும்?"

"சுவிச்ச மாத்திப் போட்டா வெளக்கு அணைஞ்சாலும் வயருல கரண்டு நிக்கும்னு நீங்கதான வாசிச்சிய?"

"புஸ்தகத்த எனக்கே சொல்லித் தாரியோ?" என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மாமியார் அடுப்படியில் எப்போதும் மணைப் பலகை மேல்தான் உட்காருவாள். தரைக் குளிர்ச்சி அவளுக்கு ஆகாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வாயு பிடிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். அடுத்த நாளும் கம்பி அடித்தது. அதற்கும் கஷாயம் வந்தது.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் கை கால் வெட்டி வெட்டி இழுக்கும் என்று ஊரே சொன்னது. கையெழுத்துப் போட்ட சிநேகிதரைக் கூட்டி வரச்சொன்னேன். சீசன் நேரத்தில் அவர் எங்கே கிடைப்பார்? குற்றாலத்தில் கடைகளுக்கெல்லாம் விளக்குக் கட்ட ஓடிக்கொண்டிருந்தார். புரட்டாசியில் ஒழிந்த நேரமாக வந்தார். சாரல் நின்று, ஜன்னல் சட்டம் காய்ந்து, கம்பி தூசி படிந்து இருந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லயே தங்கச்சி."

"சாரல்லதான் அண்ணாச்சி அடிக்கி."

"மழையில கரண்டு எங்கனயும் லேசா கூசத்தான் செய்யும். பயப்படாதிய" என்றார். இவர் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன், வேறென்ன செய்வது.

ஆவணியிலேயே மகள் பிறந்திருந்தாள். அடுத்த ஆனியில் அவளுக்கு எதையாவது பிடித்து எழுந்து நிற்கிற வயது. பிள்ளைகள் முதலில் எதைப் பிடித்து நிற்கும்? எங்கள் வீட்டில் முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்து இருந்தது அந்த அடுப்படி ஜன்னல்தான். வெளியே கோழி மேயும். அதைப் பார்க்க அவள் தவழ்ந்து போய்க் கம்பியைப் பிடித்துத்தான் எழும்புவாள். வெயில் காலத்தில் அப்படித்தான் எழும்பி நின்று, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் ஆனிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

சாரல் இறங்கிய அன்றே நான் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். அடித்தது. போன வருஷத்தைவிட ஓங்கி அடித்தது.

என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். கம்பிகளில் பழைய சேலையைச் சுற்றினேன், சாரலில் அது நனைந்து தொங்கியது. ஜன்னலை அடைத்து அரிசிப் பெட்டியை நகர்த்தி வைத்தேன். புகை போக வழியில்லை என்று மாமியார் பெட்டியைத் தள்ளச் சொன்னாள். மெயினை அணைத்தேன். அணைத்த உடனே முன்னறையில் ரேடியோ செத்தது.

"எவ அவ, செய்தி நேரத்துல மெயினத் தொட்டது?"

"மாமா, பிள்ள சன்னல்கிட்ட போகுதா, அதான்."

"பிள்ளையப் பாத்துக்கிட ஒனக்குத் துப்பு இல்லன்னா, நான் ரேடியோ கேக்கக் கூடாதா?"

இவரிடம் அழுதே சொன்னேன். ஒரு குழாயும் ஓட்டையும்தானே, நானே சுவரைக் கொத்துகிறேன் என்றேன். "அப்பா ஏசுதாவ, சீசன் முடியட்டும் பாப்போம்" என்றார். சீசன் முடிந்தால் கம்பி அடிக்காது, அடிக்காத கம்பியைப் பார்க்கிறேன் என்கிறார். என்ன சொல்ல?

அப்புறம்தான் பிள்ளையைக் கட்டிப்போட ஆரம்பித்தேன். பட்டகசாலையில், அதாவது நடுக்கூடத்தில், ஒரு மரத்தூண். பழைய சேலையை நீளமாகக் கிழித்து, ஒரு முனையைத் தூணிலும் மறுமுனையை அவள் இடுப்பிலும் கட்டினேன். அடுப்படி வாசல் வரைகூட எட்டாது. முதல் இரண்டு நாள் அலறினாள். மாமனார், "ஆட்டுக்குட்டியா அது?" என்றார். மாமியார் பக்கத்து வீட்டில் போய், "எம் மருமவளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்று என் காதுபடவே என்னைப் பைத்தியமாக்கிச் சொன்னாள். பக்கத்து வீட்டில் அவளுக்கு இளையது ஒன்று இருந்தது. அது நடந்து எங்கள் வாசலுக்கே வந்தது. என் மகள் தூணடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் சத்து இல்லை என்று மாமியார் தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டாள்.

ஒரு நாள் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வருகிறேன், தூணில் சேலை மட்டும் கிடக்கிறது. நான் போனதும் மாமியார் அவிழ்த்துவிட்டிருக்கிறாள். பிள்ளை அடுப்படியில், ஈரத் தரையில், ஜன்னலுக்குக் கீழே. ஒரு கையைச் சுவரில் ஊன்றி மறு கையைக் கம்பிக்குத் தூக்குகிறாள். குடத்தைப் போட்டேன். ஓடி, வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே அவள் காலைப் பிடித்து இழுத்தேன். அவள் தாடை தரையில் மோதி உதட்டில் ரத்தம் வந்துவிட்டது.

இவர் வந்ததும் அந்த உதட்டைத்தான் காட்டினார்கள். "பிள்ளைய இழுத்து அடிச்சிருக்கா" என்றாள் மாமியார். இவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. கம்பிக்குப் பயப்பட வேண்டிய மனுஷன் எனக்குப் பயந்தார். அன்றைக்கு இந்த வீட்டில் நான் சொல்லி எதுவும் ஆகாது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. பிள்ளையைத் தூணில் கட்டிவிட்டுச் சோறு வடித்தேன்.

ஆடி முடியும் நேரம். சைக்கிளில் வரும்போதே இவர் தொப்பலாக நனைந்துவிட்டார். செருப்பின் வார் வேறு அறுந்துபோய் வாசலிலேயே விட்டுவிட்டார். வெறுங்காலும் ஈரமுமாக அடுப்படிக்குள் வந்து, "சூடா காப்பி குடு" என்று சொல்லிக்கொண்டே துண்டைத் தலையிலிருந்து உருவிக் கம்பியில் போடப் போனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கை கம்பியில் பட்டுவிட்டது. "எம்மா!" என்று கத்தி, பின்னால் வந்து சுவரில் இடித்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. கையைக் கையால் பிடித்துக்கொண்டு கம்பியையே பார்த்தார். பிறகு முன்னறையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அப்பா! மெயின அணைங்க! கம்பில கரண்டு வருது!"

ரேடியோ அந்த நிமிஷமே நின்றது. மாமனார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியார் மணையை விட்டு எழுந்து ஓடிவந்து, மகன் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். வாயு என்று அவள் சொல்லவில்லை, கஷாயமும் போடவில்லை.

"போன வருசத்துலேர்ந்து இதத்தான சொல்லுதேன்" என்றேன்.

"நீ சரியாச் சொல்லலயே" என்றார்.

மறுநாள் காலையிலேயே வேறொரு ஆள் வந்தார். மாமனார் பக்கத்தில் நின்றே சுவரைக் கொத்தச் சொன்னார். ஓட்டைக்குள் பீங்கான் குழாய் வைத்து, சுவிட்சில் வயரை மாற்றினார்கள். கிணற்றங்கரையில் குழி தோண்டி, மாமியார் கையாலேயே உப்பைப் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நான் கெஞ்சியது, அரை நாள் வேலை. வந்த ஆளிடம் இவர், "எனக்கு அடிச்சிட்டு அண்ணாச்சி, பிள்ள இருக்க வீடு பாருங்க" என்று சொன்னார். பாத்திரத்தை எடுத்துச் சுவரில் எறியலாமா என்று வந்தது. எறியவில்லை. வந்த ஆளுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அவர் போனதும் வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கும்போதே நான் ஈரக் கையோடு, ஈரக் காலோடு கம்பியைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. ஒவ்வொரு கம்பியாகப் பிடித்தேன். வெறும் குளிர்ந்த இரும்பு.

"இனிமே அவுத்து விடு, ஓடட்டும்" என்றார் இவர்.

தூணடிக்குப் போய் மகள் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தேன். உட்கார்ந்தே இருந்தாள். தூக்கிக்கொண்டு போய் ஜன்னலடியில் விட்டேன். வெளியே கோழி நின்றது. "பாரு, பாரு" என்று அவள் கையை எடுத்துக் கம்பியில் வைத்தேன். கையை இழுத்துக்கொண்டாள். திரும்பித் தவழ்ந்து, அடுப்படி வாசலைத் தாண்டி, தூணடிக்கே போய் உட்கார்ந்தாள். தரையில் கிடந்த சேலைத் துண்டை எடுத்து, கட்டிவிடு என்பது போல என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. அவள் நீட்டிய கையை இறக்கவும் இல்லை.