லாண்டி அடுப்பில் ஏற்றிய திங்கட்கிழமை

மெக்சிகோவின் மோத்துல் ஊரில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒருவர் வீட்டிலும் நாள்காட்டி கிடையாது. எதற்கு? லாண்டி கானுல்தான் இருக்கிறாளே! திங்கட்கிழமை காலையில் கருப்பு பீன்ஸைப் பானையில் ஏற்றுவாள். பாதி வெந்ததும் பன்றிக்கறி, கடைசியில் எபசோத்தே தழை. அந்த வாசனை சுவரேறிக் குதித்ததும் முடி வெட்டுகிறவர் வார விடுமுறை என்று கடையைப் பூட்டுவார், பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைத் தேடும். எங்கள் யுகத்தான் மாநிலம் முழுக்கத் திங்கட்கிழமை இதே சமையல்தான். ஆனால் இந்தத் தெருவில் லாண்டியின் பானை மணக்காமல் வேறெவளும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள்.

ஒரு திங்களைக்கூட அவள் தவறவிட்டதில்லை. மகள் ரூபி பிறந்ததும் திங்கட்கிழமைதான். வலி எடுத்த பிறகும், "உப்பு பாத்துட்டு வந்துர்றேன்" என்று மருத்துவச்சியைக் காக்க வைத்த மகராசி அவள். புயலில் கூரை பறந்த திங்கட்கிழமை குடை பிடித்துக்கொண்டு சமைத்தாள். மாமியார் செத்த திங்கட்கிழமை, அடக்கத்துக்கு வந்தவர்கள் அழுதுகொண்டே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் புத்தி பிசகியது ரூபியின் கல்யாணத்தில். ஞாயிறு சாயங்காலம் கல்யாணம். மறுநாள் விடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் கன்கூனுக்குக் குடித்தனம் போகப் பேருந்து ஏற வேண்டும். பேருந்தை ஓட்டுவதே லாண்டியின் புருஷன் எர்மிலோதான். ஆக, திங்கள் மத்தியானம் ரூபி அவள் மேசையில் இருக்க மாட்டாள். பெற்ற வயிறு கேட்குமா? ஞாயிறு காலையிலேயே பீன்ஸை ஏற்றிவிட்டாள்.

முதலில் ஓடி வந்தது மாப்பிள்ளை காஸ்பார். நண்பர்களோடு ராக்கூத்து அடித்துவிட்டு வலைத்தொட்டிலில் தூங்கியவன் மூக்கில் வாசனை ஏறியிருக்கிறது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் மண்டியிட்டான்.

"அத்தை, மன்னிச்சிருங்க! என் கல்யாணத்துக்கு நானே வராமப் போயிட்டேனே!"

"எந்திரிடா பைத்தியம். இன்னைக்கு ஞாயிறுதான். உன் ஃபோனப் பாரு."

"ஃபோனுக்கு மூக்கா இருக்கு அத்தை?" என்று தேம்பினான்.

லாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபாதரிடம் ஓடினாள். திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு நாள். தூண்டிலும் கையுமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து அவ்வளவு ஜோரா நடத்தி வச்சேனே, இன்னும் என்னம்மா வேணும்?"

"நடக்கவே இல்ல ஃபாதர்!"

"நல்லாத்தான் நடந்துச்சு. உன் புருஷன்கூட அழுதாரே."

போதாததற்கு எதிர்வீட்டு எல்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, தப்பா எடுத்துக்காத, நேத்து விருந்துல கேக்கு வறவறன்னு இருந்துச்சு" என்றாள். கேக்கோ இன்னும் கடையிலேயே இருந்தது.

இனி வாயால் சொல்லிப் பயனில்லை. பானை வாயை ஈரத்துணியால் கட்டி, எர்மிலோவின் பேருந்தில் ஏற்றி ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். ரூபியின் வாயில் ஒரு கரண்டி கூடப் போகவில்லை. பிறகு வேகவேகமாகப் புச்செரோவை ஏற்றினாள். மூன்று வகைக் கறியும் பூசணியும் வாழைக்காயும் கொதிக்கிற அந்தக் குழம்புதான் எங்கள் பக்கத்து ஞாயிறு. வாசனை பரவியதும் தெரு ஞாயிறுக்குத் திரும்பியது. ஃபாதர் தூண்டிலை வைத்துவிட்டு அங்கியை மாட்டினார். கல்யாணம் நடந்தது. எர்மிலோ அழுதார். கேக்கு நிஜமாகவே வறவறவென்றுதான் இருந்தது.

திங்கள் விடிந்தது. வாசலில் ரூபியின் பெட்டி. லாண்டி அதைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். மிச்சமிருந்த புச்செரோவில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தாள்.

அவ்வளவுதான், தெருவே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. எர்மிலோ வலைத்தொட்டிலிலிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஏது வண்டி?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

காஸ்பார் குளித்துத் தலைவாரி வந்து நின்றான். "அத்தை, சாயங்காலம் கல்யாணம்ல, கோட்ட எங்க வச்சீங்க?"

ரூபி சமையலறைக்கு வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னும் எத்தன நாளைக்கும்மா ஞாயித்துக்கிழமை?"

"உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்?" லாண்டி கரண்டியை விட்டெறிந்தாள். "போனா அடுத்த திங்கள் வருவியா? அதுக்கடுத்த திங்கள் வருவியா? வர மாட்ட! யாருக்குடி நான் ஆக்கறது?" என்று ஓவென்று அழுதாள்.

ரூபி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "பீன்ஸப் போடும்மா. அவன் மறுபடி குளிக்கப் போயிட்டான்."

லாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜாடியிலிருந்து பீன்ஸை அள்ளினாள். கல்லுமாதிரி கிடந்தது.

"ஊற வைக்கலையா?"

"மறந்துட்டேன்."

பிரசவ வலியிலும் ஊற வைக்க மறக்காதவள். ரூபி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, மெதுவாவே வேகட்டும்" என்று முள்ளங்கி நறுக்க உட்கார்ந்தாள்.

வெயில் ஏறிற்று. பீன்ஸ் வேகவில்லை. இருவரும் ஊர்வம்பு பேசினார்கள், எல்சியின் கேக்குப் பேச்சை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒருவழியாகப் பீன்ஸும் கறியும் வெந்தன. லாண்டி எபசோத்தே தழையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ரூபிதான் அதை வாங்கிப் பானையில் போட்டாள்.

வாசனை சுவரேறிக் குதித்தது. முடி வெட்டுகிறவர் கடையைப் பூட்டப் போனார். எர்மிலோ எழுந்து செருப்பைத் தேடினார். மாட்டிக்கொண்டு நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமை இத சாப்பிடாம எவன் வண்டிய எடுப்பான்? போடு."

லாண்டி எல்லோருக்கும் பரிமாறினாள். பெட்டி வாசலிலேயே இருந்தது. ரூபி அழுதுகொண்டே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.