நந்திக்கடல் மணல் திட்டியில் ஐந்து மணித்தியாலம்

"முல்லைத்தீவுப் பக்கம் களப்பில் ஒரு நாள் படகில் போய்வர ஆசை, எங்கே ஏறலாம், எவ்வளவு செலவு?" என்று மூன்று பேர் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். நான் என்னமோ படகு வைத்துத் தொழில் செய்கிறவள் மாதிரி! என் வாழ்க்கையில் நந்திக்கடல் என்கிற அந்த உப்புநீர்க் களப்பில் தோணி ஏறியது ஒரே ஒரு நாள்தான். அது 2001ஆம் ஆண்டு, மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. யுத்தம் நடந்த அந்த நாளில் சுற்றுலா என்ற சொல்லை வன்னியில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். பாதையும் நேரமும் சரியாக நினைவிருக்கிறது, மறக்கக்கூடிய நாள் இல்லை அது.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லவேண்டும். எங்கள் வீடு முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் ஓரம். அப்பா எழுபத்தேழில் மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி, அந்தக் காணியை உண்டாக்கியவர். அம்மா முன்னமே போய்விட்டா. நானும் தங்கை கமலாவும்தான். கமலா முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற மரியதாஸ் என்பவரை விரும்பி, கத்தோலிக்க வேதத்துக்கு மாறி, மாதா கோயிலில் கலியாணம் முடித்துக்கொண்டாள். அப்பா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு ஆறிவிட்டார். நான் ஆறவில்லை. கலியாணத்துக்குப் போகவில்லை, அந்த மனிதரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நாலு வருடம் அப்படியே ஓடியது.

அப்பா படுக்கையில் விழுந்தபோது மூன்று நாள் ஒரே கேள்விதான். "கமலா வந்துட்டாளா?" "சொல்லி அனுப்பியாச்சு அப்பா, வருவா" என்று நான் சொன்னேன். யாரையும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள், "அவ வரமாட்டேன்னுட்டா" என்றும் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், பிறகு திரும்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் கமலாவுக்குத் தெரிந்தது. அப்பா தன்னை மன்னிக்காமலே போய்விட்டார் என்று அவள் அழுததாக, அந்தக் கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்கிற மீன்காரர் சொன்னார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

ஒரு வருடம் அந்த வீட்டில் தனியாக இருந்து பார்த்தேன். ஒரு கோப்பை, ஒரு தட்டு. மாட்டோடு கதைத்தேன், வாய்க்காலோடு கதைத்தேன். அப்போதுதான் அதே மீன்காரர் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "உங்கட தங்கச்சியாக்கள் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வெளிக்கிடினம். மடுப் பக்கம் போய், அப்பிடியே இந்தியாவுக்குப் போற யோசினையாம். விருப்பமெண்டால் வந்து பாக்கட்டாம் எண்டு சொல்லிவிட்டவா. ரோட்டால சுத்த வேண்டாம், வற்றாப்பளையில தோணி நிக்கும்." செவ்வாய்க்கிழமை போய், அப்பா கேட்டதையும் நான் மறைத்ததையும் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதுக்கு மேல் ஒரு திட்டமும் இல்லை.

காலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். கரியரில் அரைச் சாக்குக் கச்சான் கடலை, ஒரு பூசணிக்காய், ஹேண்டிலில் குடை. ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று, பிறகு வற்றாப்பளை என்று ஏறக்குறைய இருபத்தெட்டுக் கிலோமீற்றர். என் மிதிக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. நடுவில் காட்டு வழி வரும் இடத்தில் இறங்கி, இலையோடு ஒரு குழை முறித்து மரக் கொப்பில் போட்டு ஐயனாரைக் கும்பிட்டேன். வன்னியில் காட்டுக்குள் நுழைகிறவர் யாரும் அதைச் செய்யாமல் போவதில்லை. தண்ணீரூற்றில் வெறும் தேநீரும் ஒரு வாய்ப்பனும் பதினைந்து ரூபாய்.

வற்றாப்பளையில் மரியதாஸின் சித்தப்பா சந்தியோகு அண்ணை தோணியோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும், நறுக்கென்று கதைக்கிற ஆள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள்தான் தமக்கையோ? கலியாணத்துக்கு வராத ஆள்?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது!

"ஏறுங்கோ. நடுவில இருங்கோ, ஆடாதேங்கோ. பூசணிக்காய்க்குத் தனிக்காசு."

சிரிக்காமல்தான் சொன்னார். கடைசியில் காசே வாங்கவில்லை, இரண்டு கொத்துக் கச்சானோடு சரி. அந்த நாளில் மற்றவர்களிடம் அந்தத் தூரத்துக்கு இருநூறு ரூபாய் கேட்பார்களாம்.

தோணி எட்டு மணிக்குப் புறப்பட்டது. மண்ணெண்ணெய் விற்ற விலையில் இயந்திரம் பூட்டுவதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் இடுப்பளவுதான், நீளத் தடியை ஊன்றித் தள்ளிக்கொண்டே போகவேண்டும். முதல் அரை மணித்தியாலம் ஓடை வழி. இரண்டு பக்கமும் கண்டல் பற்றை, தலைக்கு மேல் கொப்பு, முகத்தில் சிலந்தி வலை. முத்தையன்கட்டுக்குள் வருகிற பேராறுதான் மழைக்கு நிரம்பி வழிந்து இங்கே வந்து சேர்கிறது என்று அண்ணை சொன்னார். எங்கள் வீட்டு வாய்க்காலின் மிச்சத் தண்ணீர் இத்தனை நாளும் அவள் இருக்கிற பக்கம் வந்துகொண்டு இருந்திருக்கிறது. நான்தான் வரவில்லை.

ஓடை முடிந்ததும் களப்பு விரிந்தது. அழகுதான், பொய் சொல்லக்கூடாது. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன, நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. தூரத்தில் பனைகளின் கரிய கோடு, அதுதான் அக்கரை. தண்ணீருக்குள் ஆங்காங்கே தடிகள் நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் அண்ணை ஒவ்வொரு விதமாகச் சுற்றிக்கொண்டு போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்!

ஒன்பதேகாலுக்கு நடுக்களப்பில் ஒரு மணல் திட்டியில் என்னை இறக்கினார். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மேல் கொஞ்சம் இடம், ஒரு கண்டல் பற்றை, பக்கத்துத் தண்ணீரில் ஒரு தடி.

"வெயில் ஏற முந்தி நான் வடக்கால போய் இறால் வலை எடுக்கவேணும், இல்லாட்டில் எல்லாம் செத்துப்போம். மரியதாஸ் பத்து மணிக்கு வந்து உங்களை அக்கரைக்கு ஏத்துவான். பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றினார்.

அவர் மறைந்ததும் திட்டியை ஒரு தடவை சுற்றி நடந்து பார்த்தேன். சுற்றிவரத் தண்ணீர், ஒரு மனிதக் குரல் இல்லை. வானத்தில் குண்டு விமானம் இரைந்தால் ஓடிப் படுக்க ஒரு பள்ளம்கூட இல்லை. பழக்க தோஷம், கை தானாகப் பற்றையில் ஒரு குழையை முறித்தது. "ஐயனாரே, அவளிடம் சொல்லுகிற தைரியத்தைத் தாரும்" என்று கும்பிட்டு, போடுவதற்கு மரக் கொப்பு இல்லாதபடியால், தண்ணீரில் நின்ற தடியின் உச்சியில் சேலைத் தலைப்பின் நூலை இழுத்து நன்றாகக் கட்டிவிட்டேன்.

பத்து மணிக்குச் சொன்னபடி ஒரு தோணி வந்தது. நீலச் சாரமும் தொப்பியுமாக ஒருவர் நின்று தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு முந்நூறு மீற்றர் தூரத்தில் நிறுத்தினார். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். நான் குடையை ஆட்டினேன். அவரும் மரியாதையாகக் கையை ஆட்டினார். ஆட்டிவிட்டுத் தோணியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்! "இஞ்சை! நான்தான்! கமலான்ர அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று என் முகத்துக்கு நேரே அடித்தது. சத்தம் எனக்குப் பின்னால்தான் போயிருக்கும்.

அதிலிருந்து இரண்டேகால் வரை நான் தனியாக இருந்தேன். அவர் என்னைக் கண்டும் ஏற்றாமல் போனார் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு நியாயம்தானே என்று தோன்றியது. கலியாணத்துக்கு வராதவளை எதற்கு ஏற்றவேண்டும்? கமலாதான் வேண்டாம் என்றிருப்பாள் என்றும் நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு மணல் சுட்டது, குடைக்குள் சுருண்டு இருந்து கச்சான் உடைத்துத் தின்றேன். சொல்லவேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "கமலா, அப்பா உன்னைக் கேட்டவர். நான்தான் ஆள் அனுப்பேல்லை." நாரைக்குச் சொன்னேன், நண்டுக்குச் சொன்னேன். ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. அழுதேன், அழுதுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். போத்தலில் அரைவாசி மிச்சம் வைத்தேன், எத்தனை மணிக்கு யார் வருவார் என்று தெரியாதே.

இரண்டேகாலுக்குச் சந்தியோகு அண்ணை இறாலோடு திரும்பி வந்தார். என்னைப் பார்க்கும் முன் தடியைத்தான் பார்த்தார்.

"ஆர் இதைக் கட்டினது?"

"நான்தான். ஐயனாருக்கு..."

"ஐயனாருக்கோ! எங்கட ஆக்கள் பச்சைக் குழை கட்டினால் கீழ வலை கிடக்கு எண்டு அர்த்தம், பிள்ளை. ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம், வரவும் கூடாது. அவன் உங்களை வலைக்குக் காவல் இருக்கிற மனிசி எண்டு நினைச்சிருப்பான்!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் குழையை அவிழ்த்து எறிந்தார், நான் தோணியில் ஏறினேன். அக்கரைக்கு ஒரு மணித்தியாலம். அன்றைக்கு அவர் ஒரு தடவையும் ஓயாமல் தள்ளினார், எனக்காகத்தான்.

மூன்றேகால் மணிக்கு, வட்டுவாகலுக்கு வடக்கே ஒரு மீனவர் குடியிருப்பில் இறங்கினோம். உழவு இயந்திரப் பெட்டியில் அலுமாரி, கதிரைகள், வலைப் பொதி, கோழிக்கூடை எல்லாம் ஏறிவிட்டன. கமலா ஐந்து மாதக் குழந்தையோடு வெறும் முற்றத்தில் நின்றாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து, "வரமாட்டாய் எண்டு நினைச்சிட்டன் அக்கா" என்றாள். மரியதாஸ் என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஐயோ மச்சாள், நீங்களோ அது! நான் மற்றத் திட்டியெல்லாம் மத்தியானம் வரை தேடினனான்!"

எல்லோரும் சிரித்தார்கள். குழை கட்டிய கதையை மூன்று தடவை சொல்ல வைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்ததும் நாலாம் தடவை. நானும் நல்லாக நடித்துக் காட்டினேன். அடுப்பும் பெட்டியில் ஏறிவிட்டதால் பக்கத்து வீட்டுக் குசினியில் இருந்து தேத்தண்ணீர் வந்தது. குழந்தையை மடியில் வைத்தேன், அப்பாவின் காது அதற்கு. கமலா பாணுக்குள் பொரித்த மீனை வைத்து ஊட்டாத குறையாகத் தந்தாள். நாலு மணிக்கு உழவு இயந்திரக்காரர் சத்தம் போட்டார். நாற்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. காலையில் நண்டுக்குச் சொன்னதில் ஒரு சொல்கூட அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் ஏறி வலைப் பொதிக்கு மேல் இருந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அப்பா கடைசியில என்னைக் கேட்டவரோ?"

"ஓம். மூண்டு நாளும் கேட்டவர்."

அவள் முகம் உடைந்தது. சேலையால் வாயைப் பொத்தி அழுதாள், அழுகைக்குள்ளேயே சிரித்தாள். பிறகு என் தலையைத் தடவினாள்.

"நீ தனிய என்ன செய்வாய், பாவம். சொல்லிவிட ஆள் கிடைச்சிருக்காது. சைக்கிளும் இருந்திருக்காது."

நான் கோழிக்கூடையின் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன். இயந்திரம் நகர்ந்தது. திரும்பும்போது சந்தியோகு அண்ணை, "தங்கச்சி சந்தோசமாய்ப் போறா, வந்தது நல்லது" என்றார். ஆறேகாலுக்கு வற்றாப்பளை, அன்றைக்குத் தண்ணீரூற்றில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் வீட்டுக்கு.

போக விரும்புகிறவர்களுக்கு: மாசி, பங்குனி நல்ல காலம், தண்ணீரும் இருக்கும், வெயிலும் பொறுக்கலாம். ஆடி, ஆவணியில் பல இடம் வற்றிவிடும், தோணி சேற்றில் குந்தும். காலை ஏழுக்கு முன் ஏறுங்கள், பின்னேரம் காற்று எழும்பும். ஒரு ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீராவது வேண்டும். விலை எல்லாம் இப்போது மாறிவிட்டது, கரையில் கேட்டுப் பேசுங்கள். தடிகளில் எதையும் கட்டாதீர்கள், கட்டியிருப்பதை அவிழ்க்கவும் வேண்டாம். அந்தக் கரையில் 2009இல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், போகிறவர்கள் சத்தம் போடாமல் போய்வாருங்கள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

கமலாவாக்கள் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள், அரை மணித்தியாலம் கதைப்போம், குழை கட்டிய கதை இன்றைக்கும் அவள் வீட்டில் ஓடுகிறது. நான் எழுதுகிற எல்லாவற்றையும் அன்றைக்கு என் மடியில் இருந்த அந்த மகள் வாசித்துக் காட்டுவாளாம். இதையும் வாசிப்பாள். போனில் எத்தனையோ தடவை தொடங்கி, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன், ஆகையால் எழுதுகிறேன்.

கமலா, ஆள் இருந்தது. சைக்கிளும் இருந்தது. நான்தான் அனுப்பவில்லை.