நீர்வேலி மதிலில் துருவத்து மீன்

கரவெட்டிப் பள்ளிக்கூடமொன்றில் பேசப் போகும் வழியில், நீர்வேலியில் எங்கள் வான் வண்டியின் சில்லுக்குக் காற்றுப் போய்விடுகிறது. சாரதி சில்லு மாற்றுகிறார். தென்துருவப் பனிக்கு மேலே தலைநீட்டும் ஒரு பாறையில் நான் ஆராய்ச்சி செய்தவள். அங்கே கிடைத்த ஆதிகால மீன் புதைபடிவத்தின் வார்ப்பு நகல் என்னிடம் இருக்கிறது. பார்த்தால் அசல் கல்தான். அதை வாழைத்தோட்டத்து மதிலில் வைத்துப் படமெடுக்கிறேன்.

தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடி வருகிறார்.

"தங்கச்சி, உது எங்கை எடுத்தது?"

"இஞ்சை இல்லை அண்ணை, தென்துருவத்திலை. கோடிக்கணக்கான வருசம் பழசு."

"மெதுவாக் கதையுங்கோ! பழசு எண்டு ஆரும் கேட்டால், தொல்பொருள் திணைக்களக்காரர் நாளைக்கே பலகை நட்டு வேலி போட்டிடுவாங்கள். பிறகு என்ரை காணிக்குள்ளை என்னையே விடமாட்டாங்கள்."

நான் ஆராய்ச்சியாளருக்குரிய மிடுக்கோடு விளக்குகிறேன். அந்தப் பாறையில் ஊர் இல்லை, மரம் இல்லை, குடியிருக்க ஒரு சனமும் இல்லை.

"அப்ப காணி ஆரின்ரை?"

"ஒருத்தருக்கும் சொந்தமில்லை. ஆனால் சில நாடுகள் தங்கடை எண்டு சொல்லுது. கொடியும் நட்டிருக்கினம்."

"ஆமி?"

"சண்டைக்கு வரேலாது. ஆராய்ச்சிக்கு உதவி செய்ய மட்டும் வரலாம்."

"இஞ்சையும் முதலிலை உதவி செய்யத்தான் வந்தவங்கள்."

எனக்குச் சிரிப்பு வருகிறது, அவருக்கு வரவில்லை. மீனை வாழையிலையில் சுற்றி, வானின் இருக்கைக்குக் கீழே தானே தள்ளுகிறார். வான் கிளம்பியதும் திரும்பிப் பார்க்கிறேன். மதிலில் கல் வைத்த இடத்தை அவர் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.