பக்கத்து வீட்டுக் குழாய்

ஓசூருக்கு வந்த முதல் மார்கழியில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிப்போய்விட்டது. என் மனைவி செல்வி, கலப்பட எண்ணெயை நம் தலையில் கட்டிவிட்டான் என்று பாட்டிலும் கையுமாகக் கடைக்குக் கிளம்பினாள். கடைக்காரர் சண்டைக்கே வரவில்லை. "வெயில்ல வைங்கம்மா, இளகிடும். ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார். செல்வி அந்தப் பாட்டிலைப் படம் எடுத்துத் தன் தங்கைக்கு அனுப்பினாள். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்றால் மழை நாளில் போர்வையைத் தேடுவது, அவ்வளவுதான். விடியற்காலையில் தண்ணீரைத் தொட யோசிக்க வேண்டும் என்பதையே இங்கே வந்துதான் கற்றுக்கொண்டோம். அந்தக் குளிரைத் தாங்கித் தாங்கி, எட்டாவது வருடம்தான் வெந்நீர் ஹீட்டர் வாங்கினோம். அதை நானே மாட்டினேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஊரில் இருப்பவர்களும் என்னைப் போல் தெற்கிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

என் கையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஐடிஐ படிக்கும்போதே எங்கள் தெருவில் மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன், டிவி என்று எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு எர்த் கொடுப்பதும் நான்தான். எங்கள் ஊரில் அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. கொல்லையில் அடிபம்பு இருக்கும். அதன் இரும்புக் குழாய் தரைக்குள் ஈரத்தில் நெடுக இறங்கியிருக்கும். பச்சை ஒயரை அதில் இறுக்கிக் கட்டினால் போதும், கசிகிற கரண்டெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். மூன்றடி தோண்டினால் தண்ணீர் ஊறுகிற பூமி. தெருவில் முக்கால்வாசி வீடுகளில் நான் கட்டிய பச்சை ஒயர் இன்றும் இருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தக் கர்வத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் பேருந்து ஏறினேன்.

இங்கே சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. மாதா மாதம் எர்த் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்து அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் என் வேலையில் சேர்ந்ததுதான். ஆனால் யூனிஃபார்மைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அந்தப் படிப்பையும் சேர்த்து மாட்டிவிடுவேன் போலிருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் நான் பழைய தெருக்காரன். பழையதாக வாங்கிய ஹீட்டரைச் சுவரில் தூக்கி மாட்டினேன். பிளக் பாயிண்டில் எர்த் ஒயரே வரவில்லை. பார்த்தேன், குளியலறைச் சுவரில் இரும்புத் தண்ணீர்க் குழாய் ஒன்று ஓடியது. யோசிக்கவே இல்லை. பச்சை ஒயரை அதில் கட்டினேன்.

அந்த இரும்புக் குழாய் எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. நாங்கள் இருப்பது நான்கு வீடுகள் ஒட்டிய வரிசையில். எங்கள் குளியலறையும் அடுத்த வீட்டுக் குளியலறையும் முதுகோடு முதுகு. இரண்டுக்கும் அந்த ஒரே குழாய்தான். சுவரைத் தாண்டியதும் அது பிளாஸ்டிக் குழாயில் சேர்ந்து, மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்குக்குப் போகிறது. டேங்கில் இருப்பது லாரித் தண்ணீர். அந்தக் குழாய்க்கு மண்ணோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த இரும்பு அது. ஹீட்டரில் கசிவு வந்தால் போக வழியில்லாமல் அதிலேயே நிற்கும், யாராவது தொடும்வரை.

அடுத்த வீட்டில் நாகம்மா அக்கா. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். ரோஜாப்பூ வளர்க்கிற பாலிஹவுஸில் வேலை. கணவர் ராயக்கோட்டை மண்டியிலிருந்து தக்காளி லோடு ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யார் மூத்தவர் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

ஹீட்டர் மாட்டி ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, நம்ம குழாய் விளையாட்டு காட்டுதுண்ணா. காலையில தொட்டா சுருக்குங்குது."

"குளிருக்குக் கை மரத்துப்போயிருக்கும்க்கா. எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றேன்.

"அப்படியாண்ணா? சரி சரி" என்று அதற்கும் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் குறை சொல்ல வருகிறவர் தெருமுனையிலேயே தொண்டையைத் திறந்துவிடுவார். குரலை வைத்தே எவ்வளவு பெரிய விஷயம் என்று அளந்துவிடலாம். இந்த ஊரில் அப்படி இல்லை. மூன்று பாஷைக்காரர்கள் ஒரே சுவரில் குடியிருக்கும் இடம். அடுத்த பாஷைக்காரனிடம் குறையைச் சிரித்துத்தான் சொல்வார்கள், அது இங்கே ஒரு மரியாதை. எட்டு வருடம் இருந்தும் அதை நான் புரிந்துகொள்ளவில்லை. சிரித்தார், அதனால் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் செல்வியிடமும் சொல்லியிருக்கிறார். "அந்தக்கா குழாயத் தொட்டா யாரோ கையப் பிடிச்சு இழுக்குத மாதிரி இருக்காம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் செல்வி. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தூங்கினேன்.

எங்கள் வீட்டில் ஏன் யாருக்கும் சுருக்கென்று படவில்லை என்று கேட்பீர்கள். ஒழுகுகிறது என்று எங்கள் பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தேன். வாளி நிறைந்ததும் ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பான சட்டமும் போட்டிருந்தேன். என் ஜாக்கிரதையெல்லாம் என் சுவரோடு நின்றுவிட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அடுத்த வீட்டைச் சுட்டது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு விடியற்காலை. எங்கள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சொம்பு விழும் சத்தமும் கூடவே கனமாக ஏதோ விழும் சத்தமும் கேட்டன. கூப்பிட்டால் பதில் இல்லை. ஓடிப்போய்த் தகரக் கதவை உதைத்துத் திறந்தேன். நாகம்மா அக்கா துணியோடுதான் கிடந்தார். கண் சொருகியிருந்தது. வலது கை வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தது. தூக்கக் குனிந்தபோது என் தோள் குழாயில் பட்டது. கரண்ட் அடித்த அடியில் சுவரில் போய் மோதினேன். அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

திரும்பி எங்கள் வீட்டுக்கு ஓடினேன். "அவியளத் தூக்காம எங்க ஓடுதிய?" என்று செல்வி கத்தினாள். ஹீட்டரை அணைத்தேன். அதுவரை செய்தது சரிதான், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். பிறகு இருவருமாக அவரைத் தூக்கி வெளியே கிடத்தினோம். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, செல்வி கூடவே ஏறிக்கொண்டாள். நான் உள்ளே போய்ப் பச்சை ஒயரைக் குழாயிலிருந்து அவிழ்த்து, சுருட்டி, ஹீட்டருக்குப் பின்னால் செருகினேன். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் செய்தேன்.

வீட்டு ஓனர் வந்தார். அந்த வரிசைக்கு ஒயரிங் செய்த பாஷா பாயை வரவழைத்தார். அவர் டெஸ்டரை வைத்துக் குழாயிலும் சுவரிலும் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். எங்கும் விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்? ஒயரைத்தான் நான் அவிழ்த்துவிட்டேனே. காரணம் கிடைக்கவில்லை என்றால் பழி கிடைத்த ஆளின் மேல்தான் விழும். "நீ இழுத்த ஒயர்தானே இது? ஒரு பொம்பளை சாவக் கிடக்கறா" என்று ஓனர் நடுத்தெருவில் கத்தினார். பாஷா பாய் மறுபடியும் முதலிலிருந்து டெஸ்டரை வைக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்றேன். டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் நின்றதில்லை.

மணிக்கட்டு எலும்பு முறிவு, மாவுக்கட்டு. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். மனசு கேட்காமல் ஊரிலிருக்கும் அண்ணனிடம் போனில் சொன்னேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்ல. விடு, வேற வீடு பாத்துப் போயிரு. அங்க உன்ன யாருக்குத் தெரியும்?" என்றான். அந்தக் கேள்வி எனக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. ஊரில் இந்த நினைப்பே வந்திருக்காது. அங்கே ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இரண்டாம் நாள் சோறு போட்டபடி செல்வி சொன்னாள். "ஒயர நீங்க சுருட்டுனத நான் பாத்தேன். நீங்களா சொல்லிருங்க. இல்லன்னா நான் சொல்லிருவேன், பாத்துக்கிடுங்க."

பாஷா பாயைத் தேடி அவர் கடைக்குப் போனேன். சொன்னேன். மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு நாளா மூணு வீட்டுல வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. டார்ச் வேற அடிச்சீங்களே சார் எனக்கு! இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே நான் பண்ணலன்னு. அங்க வந்து சொல்லுங்க, எல்லார் முன்னாடியும்."

அன்று மாலையே சொன்னேன். ஓனர், நான்கு வீட்டுக்காரர்கள், கையைக் கழுத்தில் தூளி கட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்த நாகம்மா அக்கா, எல்லோர் முன்னாலும். ஓனர் மாதக் கடைசிக்குள் காலி செய் என்றார். நியாயம்தான். நாகம்மா அக்கா என்னையே பார்த்தார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"நான் சொன்னேனேண்ணா" என்றார்.

பிறகு அவர் ஓனரிடம் திரும்பித் தெலுங்கில் ஏதோ வேகமாகச் சொன்னார். எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழிலும் சொன்னார்.

"இவரு காலி பண்ணக் கூடாது. இவரு போயிட்டா அந்தக் குழாயை யாரு தொடுவாங்க? நான் தொட மாட்டேன். தினம் காலையில இவரு வந்து தொடட்டும். அப்புறம்தான் நான் குளிப்பேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் பாஷா பாயும் வீட்டுக்கு முன்னால் எர்த் குழி தோண்டினோம். இரண்டடியில் பாறை தட்டியது. பாஷா பாய் என் முகத்தைப் பார்க்காமல் கடப்பாரையை மட்டும் மாற்றி மாற்றி நீட்டினார். ஆள் வைத்துத் துளை போட்டு, பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, நான்கு வீட்டுக்கும் எர்த் ஒயர் இழுத்தோம். கசிவு வந்தால் தானாகக் கரண்டை வெட்டும் பிரேக்கரும் போட்டோம். பழைய ஹீட்டரை உடைத்துக் காயலான் கடையில் போட்டேன். கம்பெனியில் அளப்பது போலவே மீட்டர் வைத்து அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நாகம்மா அக்காவிடம் மீட்டரைக் காட்டினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா. நீங்க தொடுங்க" என்றார்.

தொட்டேன். தினமும் காலை ஐந்தரைக்கு, "அண்ணா!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். வெறுங்காலோடு போய், ஈரத் தரையில் நின்று, அவர் வீட்டுப் பித்தளைக் குழாயை முழுக் கையால் பிடிப்பேன். அவர் வாசலில் நின்று பார்ப்பார். போதும் என்று அவர் சொல்லும்வரை விடக் கூடாது. முதல் சில நாள் அவமானமாக இருந்தது. தெருக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. எனக்கு நைட் ஷிஃப்ட் இருந்த வாரங்களில் அவர் காலையில் குளிக்காமலே வேலைக்குப் போய்விட்டு, மாலையில் என்னைக் கூப்பிட்டார். செல்வியைத் தொட விடவில்லை. தை பிறப்பதற்கு முன் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அதன் பிறகும் கூப்பிட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக நான்கு நாள் லீவு எடுத்தேன். சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "போயிட்டு வாங்கண்ணா" என்றார். டெஸ்டரை அவர் கையில் கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கி ஜன்னலில் வைத்தார்.

ஊரில் மாட்டுப்பொங்கல் அன்று, இன்னும் பலபலவென்று விடியவில்லை, போன் அடித்தது. எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

"அண்ணா, நானே தொட்டேன்."

"டெஸ்டர் வச்சுப் பாத்தீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"பாத்தேன். அப்புறம் கையால பிடிச்சேன். ஒண்ணும் பண்ணலண்ணா. இனிமே நீங்க தூங்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். இந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது.

அழுதுவிட்டேன். ஒரு பாரம் இறங்கியது உண்மை. ஆனால் அது இறங்கிய இடம் காலியாகக் கிடந்ததும் உண்மை. ஊரில் நான் கெட்டிக்காரன் என்று கூப்பிட ஆள் உண்டு. ஓசூரில் நான் தப்பு செய்தவன் என்று தெரிந்தும் என்னை நம்பிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவரும் இனிக் கூப்பிட மாட்டார்.

அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். "யாருல போன்ல, இந்நேரத்துல?"

"வீட்டுல இருந்தும்மா" என்றேன்.

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்த வீட்டுல இருந்து?" என்று கேட்டாள். அவள் குனிந்து புள்ளி வைக்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாளும் ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. போன் வரவில்லை. வெயில் ஏறும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.