பதியாமல் விட்ட முகம்

அம்மா இறந்து மூன்றாம் வருடம், கொழும்பு கொட்டாஞ்சேனைக் கடையொன்றின் தட்டில் அவர் முகத்தைக் கண்டேன். மிளகாய்த்தூள் பைக்கற். அதே முகத்தைப் போட்டுத்தான் அக்கா வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்து தூள் விற்கிறாள். அவளுடைய சீவியமே அதில்தான். ஆனால் இது அக்காவின் பைக்கற் அல்ல.

படம் எங்கிருந்து போனது என்பதில் சந்தேகமில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நாங்கள் அச்சடித்த நினைவு மலரின் அட்டைப் படம். வந்தவர்களுக்கெல்லாம் மலரோடு, அம்மா கடைசியாக வறுத்த தூளிலும் ஒவ்வொரு காகிதச் சரை கொடுத்தனுப்பினோம்.

அட்டைப் படத்தில் அம்மா பொட்டில்லாமல், உதடுகளை மூடியபடி இருப்பார். அப்பா போன பிறகு எடுத்தது. ஆனால் கடையில் கண்ட பைக்கற்றில் பொட்டு இருந்தது. பல் தெரியச் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் சற்று விலகி நின்றது. அம்மாவுக்கு அப்படித்தான், அதனாலேயே அவர் ஒரு படத்துக்கும் வாய் திறந்ததில்லை.

"இது ஆரின்ர தூள்?"

"படத்தில இருக்கிறவதான் கொண்டு வாறவ," என்றார் கடைக்காரர். "போன கிழமையும் வந்தவ. உங்கட முகத்தைப் பார்த்தாலே உறைக்குது எண்டு பகிடி விட்டனான். சிரிப்பா, கதைக்கமாட்டா."

அக்காவிடம் பைக்கற்றைக் கொடுத்தேன். கடைக்காரர் சொன்னதைச் சொல்லவில்லை. அடுத்த நாளே சட்டத்தரணியிடம் போனோம். அவர் விசாரித்துவிட்டு மறுபடி அழைத்தார்.

"இந்தப் படம் வேற ஒராளின்ர பேரில வர்த்தகக் குறியாப் பதிவாகியிட்டுது, அக்கா. ஆட்சேபிக்கிற காலமும் முடிஞ்சுது. நீங்கள் ஏன் பதியேல்லை?"

"பெத்த தாயின்ர முகத்தை ஆர் தம்பி போய்ப் பதியிறது?"

"வழக்குப் போடலாம். வருசக்கணக்கா இழுபடும். அதுவரைக்கும் வேற முகம் போடுங்கோ. பதிஞ்சிட்டு அச்சடியுங்கோ."

அக்கா தன் முகத்தையே போடத் தீர்மானித்தாள். காலி வீதி ஸ்டூடியோவில் பொட்டோடு உட்கார்ந்து, சொன்னபடி சிரித்தாள். சட்டத்தரணி அந்தப் படத்தைப் பதிவான குறியின் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் ஏலாது, அக்கா. ரெண்டும் ஒரே ஆள் எண்டு பதிவுக் கந்தோரில நிராகரிச்சுப்போடுவினம்."

அக்கா இரண்டையும் தன் பக்கம் திருப்பினாள்.

"இதில நான் எது?" என்று என்னைக் கேட்டாள்.

நான் சுட்டிக்காட்டச் சற்றுத் தாமதமானது.

இப்போது அவளுடைய தூள் வெறும் வெள்ளைப் பைக்கற்றில் போகிறது. வாங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களும் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அம்மாவைக் காணேல்லை?" என்கிறார்கள்.

"கொட்டாஞ்சேனையில நிக்கிறா," என்கிறாள் அக்கா.