தொம்மலூர் மேடத்துக்கு ஒரு டிஷ்வாஷர்

டிஷ்வாஷர் விற்கிற கடையில் ஒரு மாதம் நின்றால் போதும், எந்த வீட்டில் யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்பது வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். சாப்பிட்டு எழுந்ததும் சிங்க் பக்கம் திரும்பாமல் நைசாக நழுவப் பார்த்து, பாதி வழியில் மாட்டிக்கொள்ளும் என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செகண்ட் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில், பெங்களூர் பொம்மனஹள்ளியில் செல்வம் மாமாவின் கடையில் நின்றேன். மாமா என் அம்மாவின் தம்பி. எனக்கு யார் குரல் வேண்டுமானாலும் வரும். கஸ்டமர் கேரில் பதிவு செய்து வைத்திருக்கும் பெண் குரல், எங்கள் பிரின்சிபால், தொண்டையைச் செருமிவிட்டு "சொல்லுங்க மேடம்" என்று ஆரம்பிக்கும் மாமா, எல்லாம் வரும். அந்தத் திறமையை வைத்து மாமாவை எட்டு நாள் முழுசாக ஏமாற்றினேன். அதைச் சொன்னால் நிச்சயம் சிரிப்பீர்கள். ஆனால் இப்போது சொல்லமாட்டேன். முதலில் கடாய்.

கடாயோடு வந்தவர்கள்

ஒரு சனிக்கிழமை கணவன் மனைவி இரண்டு பேர் பெரிய கட்டைப் பையோடு வந்தார்கள். பைக்குள் ஐந்து லிட்டர் குக்கர், இட்லிப் பானை, வடை சுடும் கடாய், ஆறு டம்ளர். அந்த அம்மா கடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிஸ்ப்ளேயில் இருந்த மிஷினைத் திறந்து ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டார். கம்பெனிக்காரன் படத்தில் காட்டுகிற கண்ணாடிக் கிளாஸை நம்பி அவர் ஏமாறத் தயாராக இல்லை.

மாமா வழக்கமாக எல்லாரிடமும் மூன்று கேள்வி கேட்பார். குழாய் எந்தப் பக்கம், தண்ணீர் வெளியே போக வழி எங்கே, தரை சமமாக இருக்கிறதா. அந்த அம்மா மூன்றுக்கும் தலை நிமிராமலே பதில் சொன்னார். கடாயைக் குப்புற, சாய்த்து, நிமிர்த்தி, கடைசியில் இட்லிப் பானைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். கதவு மூடியது. பைக்குள் கணவரின் சாப்பாட்டுத் தட்டு மட்டும் மிச்சம். அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு மாமாவிடம் சொன்னார்:

"இதையே பில் போட்டுடுங்க. அவர் தட்டை அவர் கழுவிப்பாரு."

நுரை

மிஷினை வீட்டில் பொருத்துவது மஞ்சு அண்ணனின் வேலை. கன்னடக்காரர், ஓசூர் ரோட்டில் வளர்ந்ததால் தமிழும் தண்ணீர்பட்ட பாடு. அத்திபெலேயில் ஒரு வீட்டிலிருந்து, மிஷின் வாயில் நுரை தள்ளுகிறது, உடனே வா என்று போன். மஞ்சு பறந்து போனார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் யுட்டிலிட்டி முழுக்க நுரை. அடுக்களைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற அந்தக் குட்டி இடம், மேகத்துக்குள் இருப்பது போல் இருந்தது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டுக்கார அம்மா எல்லாப் பாத்திரத்தையும் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்து, அந்த வழவழப்போடு உள்ளே வைத்திருக்கிறார். தேய்த்ததை ஏம்மா மறுபடி மிஷினில் வைக்கிறீர்கள் என்று மஞ்சு தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டதற்கு, மஞ்சுதான் தவறு செய்தது போல அவரைப் பார்த்து அந்த அம்மா சொன்னார்:

"புது மிஷினுக்குள்ள எச்சில் பாத்திரத்தை எப்படிப்பா வைக்கிறது?"

அடுத்த லோடு

இப்போது என் சொந்தக் கண்ணீர். தொம்மலூரில் எங்கள் வீட்டு டிஷ்வாஷர் ஆறு மாதம் முன்பு செத்துப்போனது. சோப்பு பட்டால் அம்மாவின் விரல்கள் வெடித்து ரத்தம் வரும். பாத்திரம் தேய்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா தேய்த்தால் அதை இன்னொருவர் மறுபடி தேய்க்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். நான் காலேஜ் போன பிறகு அம்மா சத்தமில்லாமல் மறுபடி சிங்க்கில் கை வைப்பார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் அடுக்களையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். எட்டுப் பேர் சாப்பிட்ட பாத்திரம் கொள்கிற எட்டு செட் சின்ன மிஷின் மட்டும்தான் நுழையும். அம்மா தம்பியிடம் சொல்லி வைத்தார். நம்ம வீடுதானே, கம்பெனியிலிருந்து வருகிற அடுத்த லோடில் எடுத்து வைக்கிறேன் என்றார் மாமா. மூன்று லோடு வந்தது. மூன்று முறையும் சின்ன மிஷினெல்லாம் கஸ்டமர் வீட்டுக்குப் போனது. நாலாவது லோடில் ஒன்றே ஒன்று மிஞ்சி டிஸ்ப்ளேயில் நின்றது. அதையாவது கொடுங்கள் மாமா என்று கெஞ்சினேன். பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நீங்க எங்கடி ஓடிப் போகப்போறீங்க? கஸ்டமர்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க."

ராஜேஸ்வரி மேடம் பிறந்தார்

ஓஹோ, கஸ்டமர் என்றால்தான் காரியம் நடக்குமா? அன்று மதியமே கடை மொட்டை மாடிக்கு ஏறினேன். கையில் தோழி ஆயிஷாவிடம் இரவல் வாங்கிய போன், அந்த நம்பர் மாமாவுக்குத் தெரியாது. கர்நாடகத் தலைமைச் செயலகமான விதான சவுதாவில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்து ரிட்டையரான ஒரு அம்மாவை மனசுக்குள் உட்கார வைத்து, ராஜேஸ்வரி என்று பேரும் வைத்துப் பேசினேன். நிறுத்தி நிறுத்தி, நடுவில் கன்னடத்தில் அப்படியா என்கிற மாதிரி ஒரு "ஹௌதா" போட்டு, மூச்சு விடும்போது லேசாக விசில் வருகிற குரல். தொம்மலூர், சின்ன அடுக்களை, எட்டு செட் வேண்டும், ஊரிலிருந்து மகன் வரட்டும், அதுவரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

கீழே வந்து பார்த்தால் மிஷின் மேல் "விற்றாகிவிட்டது" என்று அட்டை. அடுத்த நாள் ஒருவர் அதைத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன் சார் என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டார். மேடம் தினமும் போன் பண்ணினார். கடையில் மாமாவும் தினமும் மேடத்தைப் பற்றியே பேசினார். எவ்வளவு மரியாதையான பொம்பளை, நீயும் இருக்கியே என்று என்னைத் திட்டவும் செய்தார். ஒரு நாள் மொட்டை மாடிக்கு டீ குடிக்க வந்த மஞ்சு என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். முழுசாகக் கேட்டு முடித்தார், டீ ஆறிப்போனது. பிறகு ரகசியமாகச் சொன்னார்:

"நித்யா, அதே வாய்ஸ்ல நம்ம வீட்டுக்கும் ஸ்வல்ப ஒரு போன் போடு, இன்னிக்கு மஞ்சு வர லேட் ஆகும்னு."

மூன்றாவது கேள்வி

எட்டாவது நாள். மகன் வந்தாயிற்று, மிஷினை அனுப்பலாம் என்றார் மேடம். எங்கள் வீட்டு விலாசத்தை எப்படிச் சொல்வது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமா தன் மூன்று கேள்வியை ஆரம்பித்தார். குழாய் இடது பக்கம் என்றேன். தண்ணீர் போக யுட்டிலிட்டியில் வழி இருக்கிறது என்றேன். தரை சமமா மேடம், மிஷின் ஆடக் கூடாது என்றார்.

சமம்தான், ஒரு டைல்ஸ் மட்டும் உடைந்து பள்ளமாக இருக்கிறது என்றேன். எப்படி உடைந்தது என்று கேட்டார். வாய்க்கு அன்று நல்ல வேகம். அதை ஏன் கேட்கிறீர்கள், எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், புது சிலிண்டரை ஒத்தைக் கையில் தூக்கிக் காட்டுகிறேன் என்று தூக்கினான், போட்டான் என்று ராகம் போட்டுச் சொன்னேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சொல்கிற கதை. சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது, நான் பேசியது ராஜேஸ்வரி மேடத்தின் குரலில் இல்லை, அச்சு அசல் அம்மாவின் குரலில்.

அந்தப் பக்கம் தொண்டை செருமல். அந்தத் தம்பி டைல்ஸை மாற்றிக் கொடுத்தானா மேடம் என்று மெதுவாகக் கேட்டார். இனி எந்தக் குரலில் பேசினால் என்ன என்று நினைத்து, அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறான் என்றேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மொட்டை மாடிக் கதவில் மாமா நின்றார். போன் இன்னும் காதில்தான் இருந்தது. நானும் என் காதிலிருந்து எடுக்கவில்லை. பத்தடி தூரத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, போனிலேயே சொன்னார்:

"நாளைக்குக் காலையில மிஷின் வந்துடும் மேடம், கூடவே ஒரு டைல்ஸும்."

ஆகவே என் இனத்தவரே, சொந்த மாமா கடையில் ஒரு சாமான் வாங்க வேண்டுமென்றால் முதலில் அவருக்கு முன்பின் தெரியாதவராகப் பிறந்து தொலையுங்கள்.