பங்கு பிரித்த பனி ரயர்கள்

பனிக்காலத்தில் காருக்குப் பூட்டுகிற வின்ரர் ரயர்கள் நான்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. என்னுடைய இரண்டு அண்ணைமாரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சந்தையில் மாடு பார்க்க வந்தவர்கள் மாதிரி அதைச் சுற்றி நிற்கிறார்கள். சுவிஸில், சோலோதுர்ன் என்ற ஊரில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் கீழே, வாகனம் நிறுத்துகிற இடம். முதல்நாள்தான் அந்த வருடத்துப் பனி முதன்முதலாகக் கொட்டியிருந்தது. பெரியண்ணையோடு வேலை செய்த ஒருவர் தன் காரை விற்றுவிட்டு, "உன்னுடையதும் இதே மொடல்தானே" என்று கொடுத்துவிட்ட ரயர்கள் அவை. இரும்பு வளையத்தோடு வந்தவை, அநேகமாகப் புதியவை. பெரியண்ணை குனிந்து, பக்கவாட்டில் மலைப் படத்துக்குள் பனிப்பூ பொறித்திருந்த அடையாளத்தை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து சின்னண்ணையைப் பார்த்து, அந்த வீட்டில் நாங்கள் ஆயிரம் தரம் கேட்ட தீர்ப்பைச் சொன்னார்.

"உனக்கு ரெண்டு. எனக்கு ரெண்டு."

சின்னண்ணை கொஞ்சம் தயங்கினார். "நாலையும் நீங்களே போடுங்கோவன் அண்ணை. நான் புது ரயருக்குக் கராஜில நேரம் எடுத்து வைச்சிருக்கிறன்."

"அது எப்ப?"

"ரெண்டு கிழமை செல்லும். பனியைக் கண்டவுடன எல்லாரும் ஓடிப்போய் நிக்கிறாங்கள்."

"ரெண்டு கிழமைக்கு நீ என்ன, காரைத் தோளில தூக்கிக்கொண்டோ திரியப்போறாய்? உன்ர மனுசியை மலைக்கு ஆர் ஏத்திறது? நான் நாலு போட்டு ஓட, நீ வழுக்கிக்கொண்டு வாறதை நான் கண்ணாடியில பாக்கிறதோ?"

சின்னண்ணையின் பழைய வின்ரர் ரயர்களைக் கராஜ்காரர் நகத்தால் அழுத்திப் பார்த்து, ரப்பர் இறுகிவிட்டது, பள்ளங்களும் தேய்ந்துவிட்டன, இனி இவை உதவா என்று ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தார். பெரியண்ணையுடையதும் அதே வயது, அதே கதி. இருவரின் கார்களும் கோடை ரயரில்தான் நின்றன. மலைக்கு ஏறவேண்டியவர் மச்சாள், சின்னண்ணையின் மனைவி. சோலோதுர்னுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிற முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவவுக்கு வேலை. கலியாணமே செய்யாத பெரியண்ணைக்குப் பின்னேரச் சாப்பாடு அவவின் மேசையில்தான். ஆக, அந்த ரயர்ப் பங்கீட்டில் மூன்று பேரின் சீவியமும் இருந்தது.

"இழுக்கிறது முன் சில்லு. நல்லதை முன்னுக்குப் போட்டாக் காணும். பின் சில்லு சும்மா பின்னால வாறதுதானே" என்றார் பெரியண்ணை.

"என்னைப் போல" என்றார் சின்னண்ணை. இருவரும் சிரித்தார்கள். காரைத் தூக்குகிற ஜக்கை அவர்களே வைத்து, ஒருவர் நட்டைக் கழற்ற மற்றவர் சில்லைத் தூக்க, கை விறைக்க விறைக்க, இரண்டு காருக்கும் முன்னுக்கு மட்டும் வின்ரர் ரயர் பூட்டி முடித்தார்கள். கராஜ்காரர் எவரும் அப்படிப் பூட்டிக் கொடுத்திருக்கமாட்டார்.

இந்தப் பாதிப் பாதிக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால், இரண்டு வளர்ந்த மனிதர்கள் செய்த மடைத்தனமாகத்தான் இது தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதிகள் விடுதியில், இருவருக்குமாக ஒரே ஒரு தடித்த ஜக்கெற் இருந்ததாம். பெரியண்ணை காலையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவப் போவார். சின்னண்ணைக்குப் பின்னேர வேலை. பெரியண்ணை பஸ்ஸால் இறங்கி வந்து வாசலிலேயே ஜக்கெற்றைக் கழற்ற, சின்னண்ணை அந்தச் சூடு ஆறமுதல் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவார். "கோழி எழும்பிப் போன இடம் மாதிரி இருக்கும்" என்பார். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இருவருக்கும் கண் கலங்கும், சிரிப்பிலேயே. பிறகு வசதி வந்தும் பழக்கம் போகவில்லை. சூரிச்சுக்குப் போய் லாங்ஸ்ட்ராஸ தெருப் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கினாலும், கட்டை அவிழ்த்து இரண்டு பங்கு. கார் வாங்கும்போதுகூட, ஒன்றுக்கொன்று உதவும் என்று ஒரே மொடலாகத் தேடி எடுத்தார்கள். அரிசியைப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதிப் பசியாவது தீரும். ரயரும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார்கள். பங்கு போட்டால் கெட்டுப்போகிற சாமானும் உலகத்தில் உண்டு என்பதை அதுவரை அவர்களுக்கு எதுவுமே காட்டியிருக்கவில்லை.

இப்போது என்னிடம் ரயரைப் பற்றிக் கேட்டால் வாய் ஓயாமல் கதைப்பேன். கோவிலில் பிரசாதத்துக்கு நிற்கிற வரிசையிலும் கதைத்திருக்கிறேன். கோடை ரயரின் ரப்பர் குளிரில் பலகை மாதிரி இறுகிவிடும். வின்ரர் ரயரின் ரப்பர் மெதுமை, அது குளிரிலும் நிலத்தைப் பிடிக்கும். மலையும் பனிப்பூவும் உள்ள அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வருடம் செய்தது என்று பாருங்கள், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கிழட்டு ரயர் கிழட்டு ரயர்தான். பள்ளம் ஆழமாக இருக்கிறதா பாருங்கள். இங்குள்ளவர்கள் ஒக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை என்று சொல்வார்கள், அதைப் பின்பற்றுங்கள், பனியைக் கண்ட பிறகு ஓடாதீர்கள். எல்லாவற்றையும்விட, நாலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். முன்னுக்கு மட்டும் நல்லதைப் போட்டால் கார் ஏறும், நன்றாகவே ஏறும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் பாரமெல்லாம் முன்னுக்கு வந்துவிடும். பிடிப்பில்லாத பின்பக்கம் நான்தான் முந்துவேன் என்று சுற்றிக்கொண்டு வரும். இவ்வளவையும் நான் படித்தது மச்சாள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்.

ரயர் பூட்டியபின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மத்தியான வேலை முடித்த மச்சாளைக் கூட்டிவரச் சின்னண்ணை மலைக்கு ஏறினார். மேலே போய் நின்றுகொண்டு பெரியண்ணைக்குப் போன் எடுத்திருக்கிறார். அப்போது நான் பெரியண்ணையின் பக்கத்தில் இருந்தேன், சத்தம் வெளியே கேட்டது. "அண்ணை, பூனை மாதிரி ஏறுது." பெரியண்ணையின் முகத்தைப் பார்க்கவேண்டும். தானே அந்த ரயரைப் பெற்றெடுத்த மாதிரி. "நான் சொன்னனானெல்லே" என்றார்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவில் கார் சுற்றி, பின்பக்கமாகப் போய், மச்சாள் இருந்த பக்கத்தால் பாறைச் சுவரில் மோதியது. சின்னண்ணைக்கு நெற்றியில் கீறல். மச்சாளுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. அம்புலன்ஸ் வந்து அவவை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, இளம் பொலிஸ்காரர் ஒருவர் காரைச் சுற்றி வந்து, குனிந்து ரயர்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். முன்னுக்கு இரண்டு வின்ரர், பின்னுக்கு இரண்டு கோடை. கடுமையாக ஒன்றும் பேசவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாராம், இதை இப்படி யார் பூட்டியது என்று. சின்னண்ணை, "என்ர அண்ணை" என்று இந்த ஊர் டொச் மொழியில் சொல்லியிருக்கிறார். அண்ணையின் பெயர் என்ன? பெயரையும் சொன்னார். போன் நம்பரையும் சொன்னார்.

அதில் என்ன இருக்கிறது என்று இங்கே பிறந்த என் பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்மைதானே சொன்னார், பொலிஸ் கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் ஊரில், சண்டைக் காலத்தில், ஒருமுறை சீருடைக்காரர் பெரியண்ணையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது சின்னண்ணை. தம்பி எங்கே நிற்கிறான் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். திரும்பி வந்தபோது பெரியண்ணையின் இடது காது கேட்காமல் போயிருந்தது. அன்று அவர் வாய் திறக்காததால்தான் சின்னண்ணை உயிரோடு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டமாட்டார் பெரியண்ணை. எங்கள் வீட்டில் அது காற்று மாதிரி இருந்தது, அதைப் பற்றி எவரும் கதைப்பதில்லை.

மறுநாள் பொலிஸிலிருந்து பெரியண்ணைக்குப் போன் வந்தது. இரண்டு கேள்வி, அவ்வளவுதான். ரயரைக் கொடுத்தது நீங்களா, பூட்டியதும் நீங்களா. கார் ஓட்டியவர்தான் பொறுப்பு, உங்களுக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லி வைத்துவிட்டார்கள். பெரியண்ணை போனை மேசையில் வைத்தார். முதல்நாள் பின்னேரம் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர், "என்ர கையால பூட்டினது, என்ர கையால" என்று தலையில் அடித்துக்கொண்டவர். இப்போது அழவும் இல்லை.

"தங்கச்சி, ஒரு பொலிஸ்காரன் சொல்லுறான், உங்கட தம்பி உங்கட பேரைத் தந்தவர் எண்டு" என்றார். "எனக்கு ஊரில எத்தினை தரம் கேட்டவங்கள் தெரியுமோ? என்ன கேட்டவங்கள்? ஒரு பேர். ஒரே ஒரு பேர்."

"அண்ணை, இது சுவிஸ். அந்தப் பெடியன் ஒரு தடி கூட வைச்சிருக்கேல்லை."

"அதுதானே நானும் சொல்லுறன். அடிச்சாவது கேட்டவனோ?"

அதன்பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. சின்னண்ணையின் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. நான் இருவருக்கும் நடுவில் ஓடித் திரிந்தேன். கதைத்துக் கதைத்துத் தீர்க்க முடியாத விஷயம் ஒன்று இருக்கும் என்று நான் நம்பாத காலம் அது. சின்னண்ணையிடம் போய், ஒரு சொல் மன்னிப்புக் கேளுங்கோவன், உங்கள் அண்ணைதானே என்றேன்.

"மன்னிப்புக் கேட்டா, நான் அவரைக் காட்டிக்குடுத்தனான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ? நான் காட்டிக்குடுக்கேல்லை. என்ர அண்ணை எண்டு சொன்னனான். அந்த நேரத்தில எனக்கு வாயில வந்தது அவர்தான்."

இதைக் கொண்டுபோய்ப் பெரியண்ணையிடம் சொன்னேன். உருகுவார் என்று நினைத்தேன். "அவன் பிழையெண்டு சொல்லாட்டி, நான் அண்டைக்கு வாங்கின அடி என்னத்துக்கு?" என்று கேட்டார். அடுத்த கோடைக்குள் அவர் சூரிச்சுப் பக்கம் டீட்டிகோனுக்கு வீடு மாறிப் போய்விட்டார்.

இப்போது இரண்டு பேரும் ரயர் விஷயத்தில் சுவிஸ்காரரைவிடக் கெட்டிக்காரர். பெரியண்ணை ஒக்டோபர் பிறந்தவுடனேயே கராஜில் நேரம் எடுத்துவிடுவார். நாலும் புதிது, நாலும் ஒரே கொம்பனி, நாலும் ஒரே வருடம். சின்னண்ணையும் அப்படியே. ஒருவர் வாங்கியதை மற்றவருக்கு நான் சொல்வதில்லை, ஆனால் போன வருடம் தற்செயலாகப் பார்த்தேன், இருவரும் வாங்கியிருந்தது ஒரே ரகம். கோவில் திருவிழாவுக்கு ஒருவர் காலைப் பூசைக்கு வருவார், மற்றவர் பின்னேரம். ஒரு காலத்தில் வாசலில் ஜக்கெற் மாற்றிக்கொண்டவர்கள், இப்போது ஒரே வாசலில் எதிர்ப்படாமல் இருப்பதற்கு நேரம் பார்க்கிறார்கள்.

போன கிழமை மறுபடியும் நல்ல பனி. மச்சாளை நடைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். சமையலறை வேலை அன்றோடு போனது, இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறா. தேத்தண்ணி ஊற்றித் தந்தா. நான் வழக்கம்போல என் பாட்டைத் தொடங்கினேன். அண்ணைமார் இரண்டு பேருக்கும் வயது போகிறது, இந்தத் தைப்பொங்கலுக்காவது இருவரையும் ஒரு மேசையில் இருத்தவேண்டும், பெரியண்ணை கொஞ்சம் இறங்கி வருவார் போலக் கிடக்கிறது, சின்னண்ணை இதைச் சொன்னால் பெரியண்ணை அதைச் சொல்வார் என்று. மச்சாள் நான் மூச்சு வாங்குமட்டும் கேட்டுக்கொண்டிருந்தா.

"உம்மட அண்ணைமார் ரெண்டு பேரும் இவ்வளவு காலமும் ஒரு பேரைப் பற்றித்தான் கதைக்கினம்" என்றா. "சொன்னது பிழையெண்டு ஒராள். பிழையில்லையெண்டு மற்றாள். அந்தக் காருக்குள்ள நானும் இருந்தனான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பெரியத்தான் வந்து உன்ர இடுப்பு எப்பிடியிருக்கு எண்டு கேக்கேல்லை. இவரும் கேக்கிறேல்லை. கேட்டா அண்ணையின்ர கதை வருமாம். கார் சுத்தேக்க நான் என்னெண்டு கத்தினனான் எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

"என்னெண்டு கத்தினீங்கள்?"

"அம்மா எண்டுதான். வேற என்னத்தைக் கத்துறது."

பிறகு மேசை விளிம்பைப் பிடித்து எழும்பி, நோவு அடங்குமட்டும் நின்றா. நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அடுப்பில் கொதிக்கிற உலையைப் பார்க்கத் தடியைத் தேடினா.